அசைவுக் கல்வி: வடசென்னை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் நான் நடத்தும் மாலை வகுப்பைப் பற்றி விசாரிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பி மாளவில்லை.

இது உடற்பயிற்சியா, யோகாவா, பிசியோதெரபியா?

மூன்றிலும் சேராது. நாம் எப்படி அசைகிறோம் என்பதைக் கவனித்து, அதே வேலையை வேறு வழிகளிலும் செய்யக் கற்றுக்கொள்ளும் பாடம் இது. உடற்பயிற்சி தசைக்கு வலுவூட்டப் பார்க்கிறது. பிசியோதெரபி அடிபட்ட அல்லது செயல் குன்றிய உறுப்பை மீட்கப் பார்க்கிறது. ஆசனம் என்றால் எட்ட வேண்டிய ஒரு நிலை இருக்கிறது. இங்கே அப்படி எதுவும் கிடையாது. மல்லாந்து படுத்து, மடக்கிய முழங்காலை மெல்லச் சாய்க்கச் சொல்வேன். சாயும்போது இடுப்பின் எந்தப் பக்கம் தரையை விட்டு எழுகிறது, மூச்சு எந்த இடத்தில் நிற்கிறது, தாடை எதற்காக இறுகுகிறது என்று கேட்பேன். பதிலை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் நாளில் இது பலருக்கு எரிச்சலூட்டும். "செய்தது சரியா தவறா, அதை மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு மறுவாரம் வராமல் போனவர்களும் உண்டு.

யார் தொடங்கியது?

பலர். நான் கடன்பட்டிருப்பது இருவருக்கு.

எஃப். எம். அலெக்சாண்டர் 1869-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்தவர். மேடையில் தனியாக நின்று வசனம் சொல்லும் கலைஞர். மேடையேறினால் குரல் கம்மிவிடும். ஓய்வெடுத்தால் திரும்பும், மறுபடி மேடையேறினால் மறுபடி போய்விடும். மருந்தில் தீராததால் கண்ணாடிகளை வைத்துக்கொண்டு தன்னையே பார்க்கத் தொடங்கினார். பேச வாயெடுக்கும் கணத்திலேயே தலையைப் பின்னுக்கு இழுத்து, குரல்வளையை அழுத்தி, மூச்சை வாயால் உறிஞ்சுவது தெரிந்தது. தெரிந்ததை உடனே விட்டுவிட முடியவில்லை என்பதுதான் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு. அதை விடுவதற்காக அவர் உருவாக்கிய வழியே பின்னாளில் அலெக்சாண்டர் முறை ஆனது. 1904-இல் லண்டனுக்குப் போய், 1955-இல் இறக்கும்வரை அதையே கற்பித்தார்.

மோஷே ஃபெல்டன்கிரைஸ் அதே 1904-இல், இன்றைய உக்ரைனில் இருக்கும் ஸ்லாவுட்டாவில் பிறந்தவர். பதின்வயதில் பாலஸ்தீனத்துக்குப் போய்க் கட்டட வேலை செய்தார். பிறகு பாரிஸில் பொறியியலும் இயற்பியலும் படித்தார். அணு இயற்பியலாளர் ஜோலியோ-கியூரியின் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவைச் சந்தித்து அந்தக் கலையிலும் தேர்ந்தார். கால்பந்து ஆடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர். அறுவைச் சிகிச்சைக்கு உத்தரவாதம் இல்லை என்றதும், தன் நடையைத் தானே பிரித்து ஆராய்ந்து மறுபடி நடக்கக் கற்றார். கால்பந்துக்குப் பேர்போன வியாசர்பாடிக்காரர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் போதும், அவர் உடனே நம்மூர்க்காரர் ஆகிவிடுகிறார். 1984-இல் டெல் அவிவில் மறைந்தார்.

என் பாடங்களில் பெரும்பகுதி ஃபெல்டன்கிரைஸ் வழி. ஒரு செயலைத் தொடங்கும் முன் ஒரு கணம் நிற்பது என்பது மட்டும் அலெக்சாண்டரிடமிருந்து எடுத்துக்கொண்டது.

நாள் முழுவதும் உடலால்தான் உழைக்கிறேன். எனக்கு எதற்கு இது?

காசிமேட்டில் மீன் வெட்டுபவர்கள், துறைமுகத்தில் சுமை தூக்குபவர்கள், மீன்பாடி வண்டி மிதிப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. நாற்காலியே கதி என்று இருப்பவரிடம் "கொஞ்சம் எழுந்து நடங்கள்" என்று சொல்லலாம். உங்களிடம் அதைச் சொன்னால் சிரிப்பீர்கள். உங்களிடம் அசைவுக்குப் பஞ்சமில்லை. ஒரே அசைவு ஒரே பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதுதான் சிக்கல்.

மெட்ரோ வாட்டர் இணைப்பில் பொருத்திய அடிபம்பு நம் தெருக்களில் வாசலுக்கு வாசல் இருக்கிறது. அடிப்பவரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பெரும்பாலோர் எப்போதும் ஒரே கையால், ஒரே காலை முன்னால் வைத்து அடிக்கிறார்கள். கைப்பிடி கீழே போகும்போது தோள் காதை நோக்கி ஏறுகிறது. மூச்சு அடைபடுகிறது, உதடு இறுகுகிறது. இடுப்பும் முழங்காலும் அப்படியே நிற்க, முழு வேலையும் தோளிலும் கழுத்திலும் விழுகிறது. அதே பம்பை, பின்காலில் இருக்கும் எடையை முன்காலுக்கு மாற்றியபடி அடித்துப் பாருங்கள். உடல் இறங்கும்போது பிடியும் கூடவே இறங்கும். கைக்கு, பிடியைப் பற்றியிருக்கும் வேலை மட்டும்தான். குடம் நிறையத் தேவையான உழைப்பு மாறவில்லை. கழுத்தின் சின்னத் தசைகள் செய்ததை இடுப்பையும் தொடையையும் சுற்றியிருக்கும் பெரிய தசைகள் வாங்கிக்கொள்கின்றன.

வகுப்பில் பம்பு கிடையாது. ஒருவர் கோலைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அதை அழுத்துவார். பிறகு காலை மாற்றி அழுத்துவார், கையை மாற்றி அழுத்துவார். கடைசியில் வேண்டுமென்றே தன் பழைய வழியில் அழுத்துவார். இந்தக் கடைசிப் படி மிக முக்கியம். பழைய வழியைத் தெரிந்தே செய்ய முடிந்தவரால்தான் அதைத் தெரிந்தே விடவும் முடியும்.

மீன் வெட்டும் அக்கா ஒருவர் இடுப்பு வலியோடு வந்தார். அரிவாள்மனைப் பலகையை எப்போதும் வலது முழங்காலால்தான் அழுத்திப் பிடிப்பாராம். காலை மாற்றச் சொன்னால் கை தடுமாறி விரலை அறுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது, அதனால் மாற்றச் சொல்லவில்லை. வெட்டி முடித்து எழும்போது எந்தப் பக்கமாக எழுகிறார் என்று கவனிக்கச் சொன்னேன். அதுவும் வலப்பக்கம்தான். இடப்பக்கமாகத் திரும்பி, கையை ஊன்றி எழ ஒரு பாடம் முழுவதும் எடுத்துக்கொண்டோம். உட்காரும் மணையின்மேல் சாக்கு மடித்துப் போட்டு உயரத்தையும் கொஞ்சம் கூட்டினார். வலி முற்றிலும் போய்விடவில்லை. வேலை முடிந்து எழ யார் கையையாவது பிடிக்க வேண்டியிருந்தது, அது நின்றது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மூட்டை 50 கிலோவாக இருக்கும்வரை, லாரி ஓட்டுநர் துறைமுக வரிசையில் மணிக்கணக்கில் இருக்கையிலேயே கிடக்கும்வரை, நுட்பமாக அசையக் கற்றுக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சுமையின் எடையும் வேலை நேரமும் முதலாளியும் அரசும் தீர்க்க வேண்டியவை. தொழிலாளியின் முதுகுவலிக்கு அவர் நிற்கும் விதம் மட்டுமே காரணம் என்று பேசுபவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

ஏன் இவ்வளவு மெதுவாக, இவ்வளவு சின்னதாகச் செய்யச் சொல்கிறீர்கள்?

நிறை குடத்தை இடுப்பில் வைத்திருக்கும்போது யாராவது அதன்மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தால் உங்களுக்குத் தெரியாது. வெறும் உள்ளங்கையில் வைத்தால் உடனே தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எர்ன்ஸ்ட் வெபர் என்ற ஜெர்மானியர் இதை அளந்து காட்டினார். ஏற்கெனவே இருக்கும் அளவில் ஒரு குறிப்பிட்ட பங்கு கூடினாலோ குறைந்தாலோதான் நம் புலன் அதை உணரும். தூக்கும் எடையில் அது ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. 20 கிலோவில் அரைக் கிலோ மாறினால்தான் உறைக்கும். 400 கிராமில் 10 கிராம் மாறினாலே போதும்.

முழுப் பலத்தோடு அசையும்போது தசையில் நடக்கும் சின்ன மாற்றம் எதுவும் நமக்கு எட்டாது. அப்போது பழக்கமே ஓட்டுகிறது. பலத்தைக் குறைத்தால் வித்தியாசம் தெரிகிறது. தெரிந்தால்தான் தேர்ந்தெடுக்க முடியும். தசைகளுக்குள்ளும் தசைநாண்களிலும் மூட்டுகளிலும் இருக்கும் உணரிகள்தான் கை கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்கு இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. மெதுவாகச் செய்வது அந்தச் செய்தியைக் காதுகொடுத்துக் கேட்பதற்காக. வாழ்நாள் முழுவதும் ஆமை வேகத்தில் நடமாடச் சொல்லவில்லை. கற்றது பழகிய பிறகு வேகத்தையும் பலத்தையும் கூட்டத்தான் வேண்டும்.

வீட்டிலேயே முயன்று பார்க்க ஒன்று சொல்லுங்களேன்.

நாற்காலியின் முன்பகுதியில் உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் பதியட்டும். மெல்ல வலப்பக்கம் திரும்பிப் பாருங்கள். இழுக்கத் தொடங்கும் முன்பே நின்றுவிட வேண்டும். மூக்குக்கு நேரே சுவரில் என்ன தெரிகிறது? காலண்டரோ சுவிட்ச் போர்டோ, அதை நினைவில் வைத்துக்கொண்டு நடுவுக்கு வாருங்கள்.

இப்போது பாதி தூரம் வலப்பக்கம் திரும்பி அங்கேயே இருந்தபடி, கண்களை மட்டும் இடப்பக்கம் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவாருங்கள். நாலைந்து முறை செய்துவிட்டு ஓய்வெடுங்கள். அடுத்து, மீண்டும் பாதி தூரம் திரும்பி, தோள்களை அப்படியே விட்டுத் தலையை மட்டும் நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி வலப்பக்கம் போங்கள். இங்கே பலருக்கு மூச்சு நின்றுவிடுகிறது, கவனியுங்கள். மூன்றாவதாக, வலப்பக்கம் திரும்பும்போது இடது முழங்கால் ஓர் அங்குலம் முன்னால் நகரவும் வலது முழங்கால் பின்னால் போகவும் விடுங்கள். புட்டத்தின் அடியில் இருக்கும் இரண்டு எலும்புகளில் எது கூடுதலாக அழுத்துகிறது என்று பாருங்கள்.

கடைசியாக முதலில் செய்தது போலவே வலப்பக்கம் திரும்புங்கள். பெரும்பாலோர் காலண்டரைத் தாண்டிவிடுவார்கள். எதையும் இழுத்து நீட்டவில்லை. கழுத்து தனியாகச் சுமந்த வேலையைக் கண்ணும் மார்புக்கூடும் இடுப்பும் பங்கிட்டுக்கொண்டன. இடப்பக்கத்துக்கு இதையெல்லாம் உடலை அசைக்காமல் மனதுக்குள் மட்டும் செய்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். என்ன ஆகிறது என்பதை நான் சொல்லப் போவதில்லை.

தலைசுற்றல் வந்தால், கையில் மரமரப்போ குத்தலோ தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். கழுத்தில் அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வகுப்பில் சேர்க்கலாமா?

முதலில் அவசரமான சங்கதி. வாய் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது ஆகியவற்றில் எது திடீரென வந்தாலும் அந்த நிமிடமே 108-ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கைவைத்தியமும் காத்திருப்பதும் அந்த நேரத்தைத் தின்றுவிடும்.

அதன் பிறகு பிசியோதெரபி. பக்கவாதத்தில் மீட்சி முதல் சில மாதங்களில்தான் வேகமாக நடக்கிறது. அந்தக் காலத்தை வீணாக்கக் கூடாது. மருத்துவமனைக்கு அழைத்துப் போக முடியாவிட்டால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். உங்கள் பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

என் வகுப்பு அதற்கு மாற்று ஆகாது. மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் சம்மதித்தால் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தளர்ந்த பக்கத்துக்கு எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது, அந்தப் பாதத்தின் குதிகால் தரையில் படுவதை உணர்வது, நல்ல கை செய்யும் வேலையில் தளர்ந்த கையையும் சேர்த்துக்கொள்வது என்று போகும். பக்கவாதத்துக்குப் பிறகு, அசைக்க முடிகிற கையைக்கூட மூளை பயன்படுத்தாமல் ஒதுக்கிவிடுவதுண்டு. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை ஆராய்ந்து, நல்ல கையைக் கட்டுப்படுத்தித் தளர்ந்த கையை வேலை வாங்கும் சிகிச்சையை உருவாக்கினார். வீட்டில் இருப்பவர்கள் பாசத்தில் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அந்த ஒதுக்கல் இன்னும் வளரும்.

இன்னொன்று. எழுப்பும்போது தளர்ந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தாங்கிப் பிடிக்கத் தசையில் வலு இல்லாத தோள்மூட்டு இறங்கிவிடும். அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் அப்படித்தான். முன்னால் நின்று, இடுப்பைப் பிடித்து, உங்கள் எடையைப் பின்னுக்கு மாற்றியபடி எழுப்புங்கள். வகுப்புக்கு நோயாளி வர முடியாவிட்டாலும் பார்த்துக்கொள்பவர் ஒரு நாள் வந்து இதைப் பழகிப் போகலாம்.

முதுகுவலி குறையும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?

அலெக்சாண்டர் முறைக்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 579 பேரை வைத்து இங்கிலாந்தில் நடத்திய ஆய்வு 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. ஓராண்டு முடிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு நான்கு வாரத்தில் 21 நாள் வலி இருந்தது. தனியாக 24 பாடங்கள் எடுத்துக்கொண்டவர்களுக்கு அது 3 நாள். ஆறு பாடங்களோடு நிறுத்தியவர்களுக்கும் பலன் இருந்தது, குறைவாக.

ஃபெல்டன்கிரைஸ் வழிக்கு அவ்வளவு உறுதியான ஆதாரம் கிடையாது. 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. முதியவர்களின் சமநிலை மேம்படுவதற்கு நம்பிக்கையளிக்கும் சான்று கிடைத்தது. ஆனால் பல ஆய்வுகள் சிறியவை, தரத்தில் குறையுள்ளவை. நரம்பைப் புதுப்பிப்போம், டிஸ்க்கை உள்ளே தள்ளுவோம், மூட்டுத் தேய்மானத்தை மீட்போம் என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். என் வகுப்பாக இருந்தாலும் அதேதான்.

எந்த வலிக்கு இங்கே வரக் கூடாது?

முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனால், அல்லது உட்காரும் இடத்தில் உணர்ச்சி மரத்தால், அது அவசரச் சிகிச்சைக்குரியது, அன்றைக்கே மருத்துவமனை. பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலும் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல், எடை குறைவு, இரவில் தூங்கவிடாத வலி இருந்தால் முதலில் பரிசோதனை. முதுகெலும்பிலும் காசநோய் வரும் என்பது நம் ஊரில் மறந்துவிடக் கூடாத ஒன்று. புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்குப் புதிதாக வரும் முதுகுவலியும் அப்படியே.

புத்தூர் கட்டுப் போட்டிருக்கிறேன். வரலாமா?

எக்ஸ்ரே எடுத்து, எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு வாருங்கள்.

என் பையன் பாக்சிங் போகிறான், ஜிம்முக்கும் போகிறான். அவனுக்கு இது தேவையா?

தேவை என்று சொல்ல மாட்டேன், உதவும். குத்து கையில் பிறப்பதில்லை. பின்காலின் பாதம் தரையைத் தள்ள, இடுப்பு திரும்ப, மார்புக்கூடு அதைத் தொடர, கடைசியில்தான் முஷ்டி வந்து சேர்கிறது. புதிதாகப் பழகுபவர்கள் தோளை இறுக்கிக்கொண்டு இந்தச் சங்கிலியை நடுவில் அறுத்துவிடுகிறார்கள். ஒரு குத்தை அரை நிமிடம் நீட்டிச் செய்யச் சொன்னால் எங்கே அறுகிறது என்று அவனுக்கே தெரியும். அவன் பயிற்சியாளர் இதை வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்.

ஆனால் இந்தப் பாடம் உடல் திறனுக்கான பயிற்சிக்கு ஈடாகாது. வாரத்துக்கு குறைந்தது 150 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு இயக்கமும், இரண்டு நாள் தசை வலுவூட்டலும் பெரியவர்களுக்கு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தரையில் படுத்து முழங்காலைச் சாய்ப்பது அந்தக் கணக்கில் வராது. இங்கே வருகிறேன் என்று நடைப்பயிற்சியை நிறுத்தியவர்களைத் திட்டியிருக்கிறேன்.

தன்னை அறிதல் என்கிறீர்களே, இது ஆன்மிகமா?

இல்லை. சாமி படமும் கிடையாது, மந்திரமும் கிடையாது. எல்லா மதத்தவரும் வருகிறார்கள்.

நான் சொல்லும் அறிதல் மிகச் சாதாரணமானது. தவணை கேட்டு போன் வந்தால் உங்கள் தோள் எங்கே போகிறது? மேலதிகாரி பெயர் சொல்லி அழைத்தால் வயிறு என்ன செய்கிறது? வகுப்புக்கு வந்த ஓர் ஆட்டோ ஓட்டுநர், சிக்னல் பச்சைக்கு மாறும் முன்பே தன் பல் இறுகுவதைக் கண்டுபிடித்தார். வண்டி நிற்கும்போதுகூட ஓட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறேன் என்றார். அவர் வருமானம் கூடவில்லை, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டும் சீக்கிரம் திறக்கவில்லை. மாலையில் வரும் தலைவலி குறைந்தது என்கிறார். அதற்கு இதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது.

சிலருக்குப் பழைய பயமோ அழுகையோ இடையில் வருவதுண்டு. அப்போது பாடத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடலாம். நான் மனநல ஆலோசகர் அல்ல. தேவைப்படுபவரை அங்கே அனுப்புவதுதான் என் வேலை.

முழங்கால் தேய்மானம் இருக்கிறது, தரையில் உட்கார முடியாது. என்ன செய்வது?

நாற்காலியில் செய்யலாம். வகுப்பில் பாதிப் பேர் நாற்காலிதான்.

வீட்டில் படுக்கக்கூட இடமில்லை. எங்கே பழகுவது?

வாரியக் குடியிருப்பில் இருப்பவர்கள் கேட்பது. கட்டிலிலேயே, தூங்கும் முன் பத்து நிமிடம் போதும். அதுவும் முடியாவிட்டால் படிக்கட்டு இருக்கிறது. ஏறும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறீர்கள் என்று பார்த்து, மறுகாலில் தொடங்குங்கள். தண்ணீர்க் குடத்தோடு ஏறும்போது இந்தச் சோதனை வேண்டாம்.

இதைக் கற்பிக்க என்ன தகுதி வேண்டும்?

ஃபெல்டன்கிரைஸ் பயிற்சி பொதுவாக மூன்று நான்கு ஆண்டுகளில் பரவிய சுமார் 800 மணி நேரம். அலெக்சாண்டர் ஆசிரியர் பயிற்சி மூன்று ஆண்டுகளில் 1,600 மணி நேரம். பிசியோதெரபி 2021-ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்தின்கீழ் வருகிறது. இந்த முறைகளுக்கு நம் நாட்டில் அப்படி எதுவும் கிடையாது. ஆகவே யாரிடம் போனாலும் எங்கே, எவ்வளவு காலம் படித்தீர்கள் என்று கேளுங்கள். முகம் சுளிப்பவரிடம் சேராதீர்கள்.

எத்தனை வாரத்தில் பலன் தெரியும்?

எழுந்து நிற்கும்போது லேசாக இருப்பது போன்ற உணர்வு முதல் நாளே பலருக்கு வரும். வீடு போய்ச் சேர்வதற்குள் மறைந்தும்விடும். பழக்கம் மாற மாதங்கள் ஆகும். இரண்டு மாதம் வந்தும் எந்த மாற்றமும் இல்லை என்றால் அந்தப் பணத்தையும் நேரத்தையும் வேறு நல்ல வழியில் செலவிடுங்கள்.

என்ன கொண்டுவர வேண்டும்?

பழைய போர்வை ஒன்று, தலைக்கு வைக்க மடித்த துண்டு ஒன்று. பெண்கள் சுடிதாரில் வந்தால் வசதி. சேலையில் வருபவர்களுக்கு நாற்காலிப் பாடம் இருக்கிறது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். போனை அணைத்துவிடுங்கள், அதிர்வில் போட்டாலும் தரையில் படுத்திருக்கும் எல்லோருக்கும் கேட்கும்.